வெப்பமும் புகையும்: இலண்டன் மாநகரின் வளி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

நகரத்து வளி மாசடைந்துள்ளது என்பதும், நகரம் தன்னைச் சூழ்ந்த நாட்டுப்புறத்திலும் வெப்பம் மிக்கது என்பதும் இன்று பரவலாக அறியப்பட்ட உண்மைகளாகும். ஆயினும் இவ்விரு உண்மைகளும் தம்முள் எவ்வகையில் தொடர்புடையன என்னும் வினா எழும்போது, அதனை இயற்கை விஞ்ஞானத்துக்குரிய ஒன்றெனக் கொண்டு ஒதுக்கிவிடும் போக்கே சமூகவியல், இலக்கியத் துறைகளில் காணப்படுகின்றது. வெப்பத்தை வானிலையாளர் அளப்பர். புகையைச் சுகாதார அதிகாரிகள் கண்காணிப்பர். இறப்பை மருத்துவர் பதிவு செய்வர். இப்பிரிவினை இயல்பானதா, அன்றி அதற்கும் ஒரு வரலாறு உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் பொருளாகும்.

இவ்வினாவை எழுப்புவதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. 1986ஆம் ஆண்டில் ஜேர்மானியச் சமூகவியலாளரான உல்ரிச் பெக் இடர்ச் சமூகம் பற்றிய தமது நூலில், வறுமை படிநிலை கொண்டதென்றும் புகைமூட்டமோ சனநாயகத் தன்மை வாய்ந்ததென்றும் பொருள்படும் ஒரு கருத்தை முன்வைத்தார். இடர்கள் சமூகத்தின் அடித்தட்டில் குவிவதை பெக் முற்றாக மறுத்தவரல்லர். எனினும் அவரது நூலிலிருந்து பலராலும் எடுத்தாளப்பட்டது இக்கருத்தே. வளி யாவர்க்கும் பொது. ஆகவே அதன் கேடும் யாவர்க்கும் பொது என்னும் இவ்வாதம், வர்க்கப் பகுப்பாய்வு காலாவதியாகிவிட்டது எனக் கூறுவோர்க்கு வாய்ப்பான ஆயுதமாயிற்று. இவ்வாதம் வரலாற்றுச் சான்றுகளின் முன் நிற்குமா என்பதை ஆராய்தல் அவசியமாகின்றது.

இதற்கு இலண்டன் மாநகரை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணங்கள் இரண்டு. நிலக்கரியைப் பெருமளவில் எரித்த மாநகரங்களுள் மிக நீண்ட எழுத்துச் சான்றினை உடையது இலண்டன். அத்துடன், நகர வெப்பம் முறையாக அளந்து ஆராயப்பட்ட முதல் நகரமாகக் கருதப்படுவதும் அதுவே. ஒரே நகரில் இருவகைச் சான்றுகளும் இணைந்து கிடைப்பதால், இரண்டினதும் உறவு காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதைத் தொடர்ச்சியாக நோக்குதல் அங்கு சாத்தியமாகின்றது.

2

இலண்டனின் புகை கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்டது. விறகு அருகி விலையேற, நியூகாசில் பகுதியிலிருந்து கப்பல்மூலம் கொணரப்பட்ட நிலக்கரி அதன் இடத்தைப் பிடித்தது. 1661ஆம் ஆண்டில் ஜோன் எவ்லின் என்பார் இரண்டாம் சாள்ஸ் மன்னனுக்குச் சமர்ப்பித்த 'ஃபியூமிஃபூஜியம்' என்னும் சிறுநூல், நகரப் புகை பற்றிய தொடக்ககால எழுத்துக்களுள் தலையாயது. எவ்லின் வீட்டு அடுப்புக்களைப் பெரிதாகக் குறைகூறவில்லை. மதுவடிப்போர், சாயந்தோய்ப்போர், சுண்ணாம்பு சுடுவோர், சவர்க்காரம் காய்ச்சுவோர் முதலானோரின் உலைகளையே அவர் குற்றஞ்சாட்டினார். அவ்வுலைகளைத் தேம்ஸ் நதியின் கீழ்ப்புறமாக நகருக்கு வெளியே அகற்றல் வேண்டும்; நகரைச் சுற்றி நறுமணச் செடிகள் நாட்டப்படல் வேண்டும்; நகரின் அயலில் ஏழைக் குடிசைகள் பெருகுவதும் தடுக்கப்படல் வேண்டும் என்பன அவர் கூறிய பரிகாரங்கள்.

இத்திட்டம் நிறைவேற்றப்படவில்லை. ஆயினும் அதன் உள்ளார்ந்த தருக்கம் கவனிக்கற்பாலது. எவ்லின் வேண்டியது புகையை ஒழிப்பதன்று. அதனை இடம் மாற்றுவதே. மன்னனின் மாளிகைக்குப் புகை எட்டாதிருத்தல் வேண்டும். அது சென்றடையும் இடத்தில் வாழ்வோர் யாவர் என்பது அவருக்கு ஒரு வினாவாகவே தோன்றவில்லை. பின்வந்த மூன்றரை நூற்றாண்டுகளில் இத்தருக்கம் வெவ்வேறு வடிவங்களில் மீண்டும் மீண்டும் தலைதூக்குவதை நாம் காண்போம்.

எவ்லின் புகையை முகர்ந்து எழுதினார். லூக் ஹவாட் வெப்பத்தை அளந்து எழுதினார். முகில்களுக்கு இன்றும் வழங்கும் பெயர்களைச் சூட்டியவர் என்ற வகையில் அறியப்படும் ஹவாட் (1772–1864), தொழிலால் ஓர் இரசாயனப் பொருள் உற்பத்தியாளர். 1818இலும் 1820இலும் இரு பாகங்களாக வெளிவந்து, 1833இல் மூன்று பாகங்களாக விரிவாக்கப்பட்ட 'இலண்டனின் காலநிலை' என்னும் நூலில், நகருக்கு வெளியே தாம் எடுத்த அளவீடுகளை, நகரின் நடுவே றோயல் சங்கத்தார் எடுத்த அளவீடுகளோடு அவர் ஒப்புநோக்கினார். இரவில் நகரம் நாட்டுப்புறத்தைவிடச் சராசரியாகப் பாரன்ஹீட் அளவையில் 3.70 பாகை வெப்பமாகவும், பகலில் 0.34 பாகை குளிராகவும் இருந்தது என்பது அவர் கண்ட முடிவு.

ஹவாட் இதற்குக் கூறிய காரணங்கள் இற்றைவரை பெரிதும் ஏற்கப்பட்டவை. எண்ணிறந்த அடுப்புக்களும் உலைகளும் உமிழும் வெப்பம். சுவர்கள் தம்முள் வெப்பத்தைத் தேக்கி மாறிமாறிக் கதிர்த்தல். நெருங்கிய கட்டடங்கள் காற்றோட்டத்தைத் தடுத்தல். ஆவியாகிக் குளிர்விப்பதற்கு வேண்டிய ஈரம் நகர நிலத்தில் இன்மை ஆகியன அவை. பகலில் நகரம் சிறிது குளிர்ந்திருந்தமைக்குப் புகைத்திரை வெயிலைத் தடுத்தமை ஒரு காரணமாயிருத்தல் கூடும். அவ்வாறாயின், வெப்பமும் புகையும் ஒன்றன்மேல் ஒன்று செயற்படுவதன் தடயம் அந்நூலின் முதன்மையான எண்களிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

புகையையும் ஹவாட் கவனியாது விட்டாரல்லர். 1812 ஜனவரி 10ஆந் திகதி நகரம் பல மணிநேரம் இருளில் மூழ்கிக் கடைகளிலும் அலுவலகங்களிலும் விளக்கேற்றப்பட்டதையும், அவ்விருளுக்கு நகரப் புகையே காரணம் என்பதையும் அவர் பதிந்துள்ளார். சுருங்கக் கூறின், வெப்பமும் புகையும் ஒரே எரிபொருளின் விளைவுகளாக ஒரே ஏட்டில், ஒரே கையால் எழுதப்பட்டன. பிற்காலத்தில் நேர்ந்த பிரிவினை அறிவின் தொடக்கத்தில் இருக்கவில்லை.

ஹவாட்டின் தொழிற்சாலை அமைந்திருந்த இடம் இலண்டனின் கிழக்கெல்லைக்கு அப்பாலுள்ள ஸ்ற்றற்பேட் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1844ஆம் ஆண்டின் மாநகரக் கட்டடச் சட்டம் தீங்கு பயக்கும் தொழில்களை மாநகர எல்லைக்குள் கட்டுப்படுத்தியபோது, லீ நதிக்கு அப்பாலிருந்த வெஸ்ற் ஹாம் பகுதி அத்தொழில்களின் புகலிடமாயிற்று. எவ்லின் மன்னனிடம் வேண்டியதைப் பின்னர் சட்டமும் நிலவிலையும் நிறைவேற்றிவைத்தன.

3

1845இல் வெளியான 'இங்கிலாந்தில் தொழிலாளர் வர்க்கத்தின் நிலைமை' என்னும் நூல், பிரெடரிக் எங்கெல்ஸ் தமது இருபத்துநான்காவது வயதில் எழுதி முடித்தது. நகர வளி பற்றி அதிலுள்ள ஒரு பகுதி போதிய கவனத்தைப் பெறவில்லை என்பது எமது கருத்து. இலண்டனில் மூன்று நான்கு மைல் சதுரத்துக்குள் நெருக்கப்பட்ட 25 இலட்சம் மக்களின் நுரையீரல்களையும் இரண்டரை இலட்சம் அடுப்புக்களையும் ஒருசேர எண்ணும் எங்கெல்ஸ், அவை ஒட்சிசனை நுகர்வதாகவும், நகரம் கட்டப்பட்டுள்ள முறையே புதிய வளி புகுவதைத் தடுப்பதாகவும் எழுதுகின்றார். அவரது இரசாயன விளக்கம் அக்காலத்து அறிவின் எல்லைக்குட்பட்டது. ஒட்சிசன் குறைவு என்ற அவரது கருத்தை இன்று எவரும் ஏலார். ஆயினும் எரித்தல், குடியிருப்பு நெருக்கம், கட்டட அமைப்பு ஆகிய மூன்றையும் ஒரே சமூக அமைப்பின் கூறுகளாக அவர் கண்டமை முக்கியமானது. நகர வெப்பத்துக்கு ஹவாட் கூறிய காரணங்கள் பலவற்றை, நகரத்து நோய்க்கான காரணங்களாக எங்கெல்ஸ் தம்மளவில் கண்டறிந்தார் எனலாம்.

மான்செஸ்ரர் நகர் பற்றி அவர் கூறுவது இன்னும் துலக்கமானது. அந்நகரின் கிழக்கிலும் வடகிழக்கிலும் முதலாளி வர்க்கத்தினர் வீடு கட்டவில்லை. ஆண்டில் பத்துப் பதினொரு மாதங்கள் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று, ஆலைப் புகை முழுவதையும் அத்திசைகளுக்கே கொண்டுசெல்கின்றது என்பதே காரணமென அவர் எடுத்துக்காட்டுகின்றார். காற்று இயற்கையானது, ஆனால் காற்று செல்லும் திசையில் எவர் குடியிருப்பர் என்பதைத் தீர்மானிப்பது இயற்கையன்று. நிலவாடகையே அதனைத் தீர்மானித்தது. இலண்டனிலும் இதே காற்று, இதே விளைவைத் தந்தது. மேற்கு இலண்டன் செல்வர்க்குரியதாகவும் கிழக்கு இலண்டன் துறைமுகத் தொழிலாளருக்கும் குடிபெயர்ந்து வந்தோருக்கும் உரியதாகவும் அமைந்தமைக்குக் காரணங்கள் பல உண்டெனினும், காற்றின் திசையும் அவற்றுள் ஒன்றாகும்.

இது எங்கெல்ஸின் தனிப்பட்ட அவதானிப்பு மட்டுமன்று. ஹெப்ளிச், ட்ரூ, சில்பர்பேர்க் ஆகிய பொருளியலாளர் மூவர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 ஆங்கில நகரங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் நின்ற 5,000 வரையான ஆலைப் புகைபோக்கிகளின் இருப்பிடங்கள் ஆராயப்பட்டன. புகை படிந்த அயல்களில் வறியோர் செறிந்தனர் என்பதும், புகை நீங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வயல்களுட் பல வறிய அயல்களாகவே நீடிக்கின்றன என்பதும் அவ்வாய்வின் முடிவுகள். புகை கலைந்தது, அது வரைந்த வர்க்க எல்லை கலையவில்லை.

4

இலக்கிய மாணவர் என்ற வகையில், இப்புகை எழுத்தில் எவ்வாறு இடம்பெற்றது என்பதையும் நாம் நோக்குதல் தகும். டிக்கன்ஸ் 1852–53 காலப்பகுதியில் தொடராக வெளியிட்ட 'பிளீக் ஹவுஸ்' நாவல் நவம்பர் மாதப் புகைமூட்டத்துடன் தொடங்குகின்றது. அம்மூட்டம் மிக அடர்ந்து நிற்கும் இடம் உயர் நீதிமன்றம். புகையை நிறுவனத்தின் குறியீடாக்கிய டிக்கன்ஸ், அதன் பௌதிக இயல்பையும் மறைக்கவில்லை. சேறும் புகைக்கரியும் இருமலும் அங்கு உள்ளன. குறியீடு பொருளிலிருந்து பிறக்கின்றது.

நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறுகின்றது. ஒஸ்கார் வைல்ட், இலண்டனின் மூடுபனியை மக்கள் காண்பதற்கு ஓவியரும் கவிஞருமே கற்பித்தனர் என்னும் கருத்தைத் தமது உரையாடற் கட்டுரையொன்றில் முன்வைத்தார். 1899 முதல் 1901 வரையான காலத்தில் இலண்டன் வந்த கிளோட் மொனே, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள சவோய் விடுதியின் மேன்மாடத்திலிருந்து புகையூடே ஒளி மாறும் பாலங்களைத் தீட்டினார். அவ்வோவியங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும் புகை அழகாகத் தோன்றுவதற்கு ஒரு தூரம் தேவைப்படுகின்றது. 1873 டிசம்பர் மூட்டத்தில் இஸ்லிங்ரன் கால்நடைக் கண்காட்சியில் விலங்குகள் மூச்சுத்திணறி மாண்ட செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. அதே மூட்டத்தில் மக்களும் மாண்டனர். அவர்களது இறப்போ மார்புச்சளி நோய் என்ற பெயரில் புள்ளிவிவர ஏடுகளுள் அடங்கிப்போயிற்று.

இக்காலப்பகுதியிலேதான் அறிவும் சட்டமும் பிளவுபடத் தொடங்கின. பாமஸ்ரன் பிரபு உள்நாட்டமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1853ஆம் ஆண்டின் இலண்டன் புகைத் தொல்லைச் சட்டம் ஆலை உலைகளுக்கே ஏற்புடையதாயிற்று. வீட்டுக் கணப்புக்கள் விலக்களிக்கப்பட்டன. மான்செஸ்ரர் மழையில் அமிலத்தைக் கண்டறிந்த ரொபேட் அங்கஸ் ஸ்மித், 1863ஆம் ஆண்டின் காரச் சட்டத்தின் கீழ் முதல் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார். புகை ஓர் 'அதிகாரியின்' பொருளாயிற்று. வெப்பமோ வானிலையாளரின் ஏட்டில் தங்கிவிட்டது. எரித்தல் என்னும் ஒரே செயலின் இரு விளைவுகள் இரு துறைகளாகப் பிரிந்தன.

5

இப்பிரிவினையின் விலை 1952 டிசம்பர் 5 முதல் 9 வரையான ஐந்து நாள்களில் செலுத்தப்பட்டது. உயர் அமுக்கம் நகரின்மேல் அசையாது நின்றது, காற்று ஓய்ந்தது. வழமையில் நிலத்தையொட்டிய வளி வெப்பமாகவும் மேலேறுந்தோறும் குளிர்ந்தும் இருக்கும். அந்நாள்களில் இவ்வொழுங்கு தலைகீழானது. கீழே குளிர்ந்த வளியும் மேலே வெப்பமான வளியும் நின்றன. வெப்பமான மேற்படை ஒரு மூடியாயிற்று. குளிர் மிகவே மக்கள் கணப்புக்களில் மேலும் நிலக்கரி இட்டனர். எழுந்த புகை மூடியின் கீழ்ச் சிறைப்பட்டு மூடுபனியுடன் கலந்தது. அம்மூட்டம் வெயிலைத் தடுத்தது. வெயில் படாமையால் நிலம் வெப்பமடையவில்லை. நிலம் வெப்பமடையாமையால் மூடி கலையவில்லை. மூடி கலையாமையால் குளிர் நீடித்தது. நீடித்த குளிர் மீண்டும் நிலக்கரியை வேண்டிற்று. வெப்பநிலையும் புகையும் ஒன்றையொன்று வளர்க்கும் வளையம் இதுவாகும். இதில் எது காரணம், எது காரியம் எனத் தனித்துப் பிரித்தல் இயலாது.

ஆயினும் இவ்வளையம் வெறும் வானிலை விபத்தன்று. போருக்குப் பிற்பட்ட பிரித்தானியா அந்நியச் செலாவணி வேண்டித் தரமான நிலக்கரியை ஏற்றுமதி செய்தது. தூளும் சிறுகட்டியும் கலந்த மலிவான, புகைமிகு நிலக்கரி உள்நாட்டு மக்களுக்கு விடப்பட்டது. அதன்மீதிருந்த பங்கீட்டுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது 1952 டிசம்பர் முதலாந் திகதி. மின்னாற்றலில் ஓடிய கடைசி ட்ராம் வண்டிகள் அவ்வாண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டு, அவற்றின் இடத்தை டீசல் பஸ்கள் பிடித்திருந்தன. இவை யாவும் அரசியற் பொருளாதாரத் தீர்மானங்கள். மூடியை இயற்கை இட்டது. அதன் கீழ்ப் புகையை நிரப்பியது இத்தீர்மானங்களே.

அந்நாள்களில் நாளொன்றுக்கு 1,000 தொன் வரை புகைத்துணிக்கைகள் வெளிப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சட்லேர்ஸ் வெல்ஸ் அரங்கினுள்ளும் மூட்டம் புகுந்தமையால் இசைநாடகம் இடைநடுவில் கைவிடப்பட்டது. இச்செய்தி புகையின் சனநாயகத் தன்மைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆயின் நாடகம் தடைப்படுவது ஒன்று. மூச்சுத் தடைப்படுவது வேறொன்று. கிழக்கு இலண்டனில் இறப்பு வீதம் ஒன்பது மடங்காக உயர்ந்தது எனப் பிரித்தானிய வானிலை அலுவலகம் குறிப்பிடுகின்றது. நகர் முழுவதற்குமாக அக்காலத்தில் கணிக்கப்பட்ட மேலதிக இறப்புக்கள் 4,000. அதன் பின்வந்த வாரங்களின் இறப்புக்களை அன்றைய அரசு இன்புளுவென்சாக் காய்ச்சலின்மேல் சுமத்தியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் ஆகியோர் மேற்கொண்ட மறுகணிப்பு, அவ்விறப்புக்களையும் சேர்த்து மொத்தம் 12,000 வரையாகலாம் என்று காட்டிற்று. எண்ணும் முறையிலும் அரசியல் உண்டு.

ஹியூ பீவர் தலைமையில் 1953இல் அமைக்கப்பட்ட குழு, நிலக்கரி நுகர்வில் ஐந்திலொரு பங்கிற்கும் குறைவாகவே கொண்ட வீட்டுக் கணப்புக்கள் புகையில் ஏறத்தாழ அரைப்பங்கைத் தருவதை எடுத்துக்காட்டியது. 1956இல் தூயவளிச் சட்டம் நிறைவேறியது. எவ்லினும் பாமஸ்ரனும் தொடாத வீட்டுக் கணப்பை அச்சட்டம் தொட்டது. கணப்புக்களை மாற்றியமைக்கும் செலவின் பெரும்பகுதியை அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் ஏற்றுக்கொண்டன என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. கூட்டாகச் செலவேற்றபோது மாற்றம் கைகூடிற்று. இலண்டனின் குளிர்கால வானம் தெளிந்தது.

6

ஆயினும் அச்சட்டம் புகை என்று கண்டது கரும்புகையையே. கந்தகவீரொட்சைட்டினை அது நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை; உயர்ந்த புகைபோக்கிகளே பரிகாரமாயின. அப்புகை பிரித்தானிய வானைக் கடந்து ஸ்கண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாக வீழ்ந்தது. 1972இல் ஸ்ரொக்ஹோம் மாநாட்டில் சுவீடன் இதனைச் சர்வதேசப் பிரச்சினையாக்கியது. எவ்லினின் தருக்கம் இம்முறை கடல் கடந்தது.

இதற்கிடையில் நகரின் எரிபொருளும் மாறிற்று. அதனோடு வெப்பத்துக்கும் மாசுக்குமிடையிலான உறவும் மாறிற்று. நிலக்கரி யுகத்தில் கேடு குளிர்காலத்துக்குரியது. புகை வெயிலை மறைத்தது. பெற்றோலிய யுகத்தில் கேட்டின் ஒரு பகுதி கோடைக்குரியதாயிற்று; வெயிலே மாசை உருவாக்கத் தொடங்கியது. வாகனங்கள் உமிழும் நைதரசன் ஒட்சைட்டுகளும் ஐதரோகாபன்களும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹாகன் சிமித் நிறுவினார். மேகமூட்டம் மிக்க பிரித்தானியாவுக்கு இது பொருந்தாதெனக் கருதப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் தென் இங்கிலாந்தில் மேற்கொள்ளப்பட்ட அளவீடுகளும், 1976ஆம் ஆண்டின் கடுங்கோடையும் அந்நம்பிக்கையைத் தகர்த்தன.

வெப்பம் ஓசோனைப் பெருக்கும் வழிகள் பல. வெப்பம் இரசாயனத் தாக்கங்களைத் துரிதப்படுத்துகின்றது. எரிபொருள் கூடுதலாக ஆவியாகின்றது. மரங்கள் வெப்பத்தில் அதிக ஐசோப்பிரீனை வெளிவிடுகின்றன. வாகனப் புகையுடன் அது சேரும்போது ஓசோன் மிகுகின்றது. வறட்சியுற்ற தாவரங்கள் தம் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால், வளியிலிருந்து அவை அகற்றும் ஓசோன் குறைகின்றது. கோடை வெப்பத்தைக் கொணரும் அசைவற்ற உயர் அமுக்கமே மாசையும் தேங்கச் செய்கின்றது.

மறுதலையாகவும் நோக்கல் வேண்டும். வளியிலுள்ள துணிக்கைகள் வெயிலைச் சிதறடித்துப் பகலில் நிலத்தைச் சிறிது குளிர்விக்கின்றன. கரிய துணிக்கைகளோ வெயிலை உறிஞ்சி வளியை வெப்பமாக்குகின்றன. நகரத்தின் இரவு வெப்பம் சிலவேளைகளில் வளியைக் கலக்கி, நிலமட்ட மாசைச் சற்றுக் குறைப்பதும் உண்டு. வாகனம் மிக்க தெருக்களில் புதிதாக வெளிப்படும் நைத்திரிக் ஒட்சைட்டு ஓசோனை அழிப்பதால், ஓசோன் நகர மையத்திலும் பார்க்கப் புறநகரில் மிகுதல் வழக்கம். ஆகவே வெப்பம் கூடினால் மாசு கூடும் என்ற எளிய சூத்திரம் போதாது. எதை எரிக்கிறோம், எங்கு எரிக்கிறோம், எவ்வாறு கட்டுகிறோம் என்பவற்றைப் பொறுத்தே அவ்வுறவு அமைகின்றது. ரொனி சாண்ட்லர் 1965இல், ஹவாட்டின் நூற்பெயரையே தம் நூலுக்கும் இட்டு, இலண்டனின் வெப்பத்தையும் மாசையும் மீண்டும் ஒரே அட்டைக்குள் கொணர்ந்தார். அறிவளவில் நேர்ந்த இவ்விணைவு கொள்கையளவில் நேரவில்லை.

2003 ஆகஸ்ட் மாத வெப்ப அலை இதனை வெளிப்படுத்தியது. இங்கிலாந்தில் 2,000க்கு மேற்பட்ட மேலதிக இறப்புக்கள் கணிக்கப்பட்டன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இலண்டனில், 75 வயதுக்கு மேற்பட்டோரிடையே இறப்பு வழமையிலும் 59 சதவீதம் கூடிற்று. அம்மாதத்தின் முதலிரு வாரங்களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிகழ்ந்த மேலதிக இறப்புக்களுள் 423 முதல் 769 வரையானவை, அதாவது 21 முதல் 38 சதவீதமானவை, ஓசோனுடனும் நுண்துணிக்கைகளுடனும் தொடர்புடையனவாகலாம் என ஜோன் ஸ்ரெட்மன் 2004இல் கணித்தார். வெப்பத்தால் மாண்டனர் எனப் பதியப்பட்டோருள் ஒரு பகுதியினர் மாசடைந்த வளியாலும் மாண்டவர்களே. 1952இல் காய்ச்சலின் பெயரால் மறைக்கப்பட்டது, 2003இல் வெயிலின் பெயரால் மறையவிருந்தது.

7

இப்பிரிவினையின் மிகத் துலக்கமான எடுத்துக்காட்டு டீசல் வாகனங்களின் கதையாகும். 2001 முதல் பிரித்தானிய வாகன வரி, வெளிவிடப்படும் காபனீரொட்சைட்டின் அளவுக்கேற்ப விதிக்கப்பட்டது. புவி வெப்பமடைவதைக் குறைத்தல் நோக்கம். டீசல் வாகனங்கள் காபனீரொட்சைட்டைக் குறைவாக வெளிவிடுவதால் அவை பெருகின. ஆனால் நைதரசன் ஒட்சைட்டுகளையும் துணிக்கைகளையும் அவை மிகுதியாக உமிழ்ந்தன. சோதனையில் ஓரளவும் தெருவில் பேரளவும் உமிழும்படி வாகனங்கள் ஏமாற்றாக வடிவமைக்கப்பட்டிருந்தமை 2015இல் உலகறிய அம்பலமாயிற்று. வெப்பத்தைத் தனியே தீர்க்க முற்பட்டபோது புகை பெருகிற்று. அப்புகை முதலிற் சென்று சேர்ந்தது பெருந்தெருவோரக் குடியிருப்புக்களை. தென்கிழக்கு இலண்டனில் 2013இல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் இறப்புக்கு வளிமாசு காத்திரமான பங்களித்தது என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். ஒரு மனித உயிரின் இறப்புக் காரணமாக வளிமாசு இவ்வாறு பதியப்பட்டமை பிரித்தானியாவில் அதுவே முதன்முறை.

2022 ஜூலை 19ஆந் திகதி இங்கிலாந்தில் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகை செல்சியஸைத் தாண்டிற்று. அன்று இலண்டனின் கிழக்கெல்லையிலுள்ள வென்னிங்ரனில் புற்றீ பரவி வீடுகள் எரிந்தன. அத்தகைய நாள்களில் பெருந்தெருவோரச் சிறுமனையில் வாழும் ஒருவர் எதிர்கொள்ளும் நிலையைச் சிந்தித்தல் வேண்டும். சாளரத்தைத் திறந்தால் புகை, மூடினால் வெப்பம். தோட்டமும் மரநிழலும் உடையவர் இத்தெரிவுக்கு ஆளாவதில்லை. குளிரூட்டி வாங்க வல்லவர் தம் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகின்றார். அவ்வாறு இயலாதவரின் தெருவும் அதனை ஏற்கின்றது. சாளரம் என்னும் இச்சிறு பொருளில் நகரத்தின் வர்க்க அமைப்பு முழுவதும் பிரதிபலிக்கின்றது எனின் மிகையாகாது.

2019இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநகர் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட மிகக்குறை உமிழ்வு வலயத் திட்டம், பழைய வாகனங்களுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரைப் பவுண் கட்டணம் விதித்தது. வளியைத் தூய்மையாக்கியதில் அதன் பங்கை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மாசை மிகுதியாக ஏற்கும் வறிய அயல்களில் வாகனம் உடையோர் ஒப்பளவில் குறைவு என்பதும் உண்மையே. ஆயினும் பழைய வாகனமே தொழிற்கருவியாக உள்ள கைவினைஞர்மீதும் இரவுநேரத் தொழிலாளர்மீதும் சுமை வீழ்ந்தது. மானியம் முதலில் சில பிரிவினர்க்கே வழங்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பின்னரே இலண்டன்வாசிகள் யாவர்க்கும் விரிவாக்கப்பட்டது. 1956இல் சமூகம் கூட்டாக ஏற்ற செலவு இங்கு பெரிதும் தனிமனிதன் தலையில் ஏற்றப்பட்டது. பிற்போக்குச் சக்திகள் தூயவளிக்கு எதிராகவே உழைப்பாளரைத் திரட்ட முடிந்தமைக்கு இதுவே வழிவகுத்தது.

8

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை நாம் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, நகர வெப்பத்துக்கும் வளிமாசுக்கும் இடையிலான உறவு நிலையான ஒன்றன்று, வரலாற்று இயல்புடையது. எரிபொருளும் நகர அமைப்பும் மாறும்போது அவ்வுறவும் மாறுகின்றது. இரண்டாவது, இரண்டும் ஒரே எரித்தலின் விளைவுகள். ஒன்றைப் பிரித்தெடுத்துத் தீர்க்க முற்பட்ட போதெல்லாம் மற்றையது வேறொரு வடிவில் மீண்டது. மூன்றாவது, புகை சனநாயகத் தன்மை வாய்ந்தது என்னும் கூற்று வரலாற்றுக்கு முரணானது. புகை எல்லோரையும் தொடும். எல்லோரையும் ஒரே அளவில் தொடுவதில்லை. அதனிலிருந்து விலகிச் செல்லும் ஆற்றலும் நிலத்தைப் போலவே உடைமையாக்கப்பட்டுள்ளது.

இம்மூன்றாவது முடிவை முற்போக்காளரான நாம் பிறருக்கு எதிராக மட்டும் கூறி அமைதிகொள்ளல் ஆகாது. புகைபோக்கியை முன்னேற்றத்தின் சின்னமாகப் போற்றும் மரபொன்று எம்மிடையேயும் இருந்தது. ஒக்டோபர் புரட்சியை அடுத்த ஆண்டுகளின் சுவரொட்டி ஒன்றில், ஆலைப் புகை சோவியத் நாட்டின் மூச்சாகக் கொண்டாடப்பட்டது. வேலையின்மையும் பஞ்சமும் சூழ்ந்த நிலையில் அக்கொண்டாட்டம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆனால் அப்புகை எவரது நுரையீரலினுள் சென்றது என்ற எங்கெல்ஸின் வினாவை அது மறந்துவிட்டது. உற்பத்திச் சாதனங்கள் எவர் கையில் உள்ளன என்பதோடு, உற்பத்தியின் கழிவு எவர் வாசலில் கொட்டப்படுகின்றது என்பதும் வர்க்க வினாவே. மண்ணுக்கும் மனிதனுக்குமிடையிலான பொருட் பரிமாற்றத்தை முதலாளித்துவ உற்பத்தி குலைக்கின்றது என 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் எடுத்துரைத்த கருத்தை, வளிக்கும் மனிதனுக்குமிடையிலான பரிமாற்றத்துக்கும் விரித்துப் பொருள்கொள்ளல் இன்றைய தேவையாகும்.

எமது நகரங்களைப் பற்றி ஆராய முற்படுவோர் இலண்டனிலிருந்து பெறத்தக்கது ஆய்வு முடிவுகளையல்ல, ஆய்வு முறையை. இலண்டனின் குளிர்காலம் எமக்கில்லை. அதன் கணப்பும் எமக்கில்லை. ஆயினும் எது எரிக்கப்படுகின்றது, காற்று எத்திசையில் வீசுகின்றது, அத்திசையில் குடியிருப்போர் யாவர், இறந்தோரின் பெயர்கள் எந்த நோயின் கீழ் எழுதப்படுகின்றன என்னும் நான்கு வினாக்களும் எந்நகருக்கும் பொருந்துவன. வெப்பமானியையும் மரணப் பதிவேட்டையும் அருகருகே வைத்து வாசிக்கும் பணியை இயற்கை விஞ்ஞானிகளிடம் மட்டும் விட்டுவிடுதல் இனியும் தகாது.